பெரியண்ணன் தொப்பூர் இறங்கும் வருஷம்

கண்ணு,

அடுத்த வருஷத்துக்கு எனக்கென்று நீ போட்டு அனுப்பிய திட்டம் நேற்றுக் காலையிலேயே போனுக்கு வந்துவிட்டது. அப்போது கை நிறைய மல்பெரி இலை. மத்தியானம்தான் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். மாதம் மாதமாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, பார்க்கவே அழகாக இருந்தது. தினம் ஒரு அத்தியாயம், கோடைக்குள் ஒரு போட்டி, ஆடிக்குள் யூடியூபில் என் குரலில் கதை, தீபாவளிக்கு அச்சில் புத்தகம். ஜெர்மனிக்குக் கிளம்புகிற நேரத்தில், பெட்டி கட்டுகிற வேலைக்கு நடுவில், பட்டுப்புழு வளர்க்கிற தன் அம்மாவுக்காக ஒரு பிள்ளை இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் இந்தத் திட்டப்படி நான் நடக்கப்போவதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் ஆரம்பிப்பதற்குள் நீ “சரிம்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்பாய், நானும் “சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். புழுக்கள் தோலுரிப்பதற்காகத் தூங்கப் போயிருக்கின்றன. அவை எழுந்திருக்கும் வரை இலை போட வேண்டியதில்லை. எனக்கு எழுதக் கிடைக்கிற நேரம் எப்போதுமே இதுதான். இந்தக் கடிதத்தை என் கதை வருகிற ஆப்பிலும் போடலாம் என்றிருக்கிறேன். அங்கேயும் சிலர் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் முதலில் நீ படி.

நான் எழுத ஆரம்பித்தது நீ கல்லூரி விடுதிக்குப் போன வருஷம். வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துபோயிற்று. உங்கப்பா அப்போதும் இப்போதும் ஒரே மாதிரிதான், கேட்டால் பதில் சொல்வார். நீ விட்டுப்போன பழைய போனில் எதையோ தேடப்போய் அந்த ஆப் கண்ணில் பட்டது. யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று போட்டிருந்தது. பட்டுக்கூடு விற்கத் தர்மபுரிக்குப் போகும்போதெல்லாம் பைபாஸில் லாரிகளைப் பார்ப்பேன். பஸ் ஜன்னலுக்கு மேலே எங்கேயோ டிரைவர் உட்கார்ந்திருப்பார், முகம் தெரியாது. அந்த முகத்தை நானாகவே நினைத்துக்கொண்டு ஒரு டிரைவரை எழுதினேன். பெயர் பெரியண்ணன். கர்நாடகத்தில் லோடு ஏற்றிக்கொண்டு தெற்கே போகிறவன். அத்தியாயத்துக்கு ஒருவர் அவன் வண்டியில் ஏறுவார். பஸ்ஸை விட்ட நர்ஸ் ஒருத்தி, மகளைப் பார்க்கக் கோழியோடு போகிற ஒரு பெரியவர், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த புதுப்பெண். அவர்கள் பேசுவார்கள், அவன் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவான். அவ்வளவுதான் கதை. அது நாட்டுக்கு நல்லது செய்யுமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எழுதி முடித்த அன்று இலை அரியும்போது கை லேசாக இருக்கும். அது போதுமாக இருந்தது.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதுதான் இதைத் தெரிந்துகொண்டாய். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, “அம்மா, இவ்ளோ பேரு படிக்கிறாங்க, நீ என்னமோ சும்மா வெளையாட்டா எழுதறன்னு சொல்ற” என்று கத்தினாய். அன்றைக்கே உட்கார்ந்து எனக்கு டார்கெட் போட்டுக் கொடுத்தாய். பேசினால் எழுத்தாக மாறுகிற வசதியைப் போனில் போட்டுவிட்டாய். உங்கப்பா வாசலில் நின்றுகொண்டு, “இவ தெனமும் கத எழுதுனா புழுவுக்கு யாரு எல போடறது?” என்று கேட்டதற்கு, “நீங்க போடுங்கப்பா” என்று சட்டென்று சொன்னாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் எழுதுவதை ஒரு வேலையாக மதித்துப் பேசிய முதல் ஆள் நீதான். அதை நான் மறக்கமாட்டேன். இனி நான் சொல்லப்போவதை எல்லாம் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு படி.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. தினமும் எழுதினேன். புழு தூங்குகிறதோ விழித்திருக்கிறதோ, ஒரு அத்தியாயம் போயே ஆகவேண்டும். இலை பறித்துக்கொண்டே போனில் பேசிப் பேசி எழுதுவேன். பக்கத்துத் தோட்டத்துக்காரம்மாள் நான் யாரோடோ சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நாளில் பெரியண்ணன் வண்டியில் ஏற ஆளே கிடைக்காமல் போயிற்று. முன்பெல்லாம் ஒரு ஆளை ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஆளோடு நான் பல நாள் இருப்பேன். அவர் என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற வழியெல்லாம் யோசிப்பேன். இப்போது அதற்கு நேரமில்லை. வந்தவர்களை ஏற்றினேன், இறக்கினேன். படிக்கிறவர்களும் குறைய ஆரம்பித்தார்கள். ஆனால் ஏதாவது கெட்டது நடந்தால் மட்டும் கூட்டம் கூடுகிறது என்று கவனித்தேன். நர்ஸுக்குக் காய்ச்சல் வந்த அத்தியாயத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். புதுப்பெண்ணின் தாலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிய அத்தியாயத்துக்கு அதைவிட நிறைய. ஆப்பில் நடந்த போட்டியில் நீ என் கதையைச் சேர்த்துவிட்டிருந்தாய், அதற்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் எழுத ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தக்காளி லோடோடு பெரியண்ணனைத் தொப்பூர் மலைப்பாதையில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் செய்து, கொன்றுவிட்டேன். எழுதி முடிக்க ரொம்ப நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் நீ போன் பண்ணினாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. “அம்மா, கலக்கிட்ட! நேத்து ஒரே நாள்ல எத்தன பேரு வந்திருக்காங்க தெரியுமா? போட்டியில நம்மதுதான் மொதல்ல நிக்குது.” நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வைப்பதற்கு முன்னால் நீ கேட்டாய்: “ஆமா, யாரும்மா இந்தப் பெரியண்ணன்? கமெண்ட்ல எல்லாரும் பெரியண்ணா பெரியண்ணான்னு அழுவுறாங்க. நம்ம சொந்தத்துல யாராச்சுமா?” நான் சிரித்துவிட்டேன். இப்போதும் அதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, வருத்தமில்லை. உனக்கு நேரம் எங்கே இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் போனை வைத்த பிறகு, இத்தனை பேர் வந்து போன வீட்டில் யாருமே உட்காரவில்லை என்பது போல ஒரு நினைப்பு வந்தது.

அந்த அழுகைகளுக்கு நடுவில் ஒரு கமெண்ட் மட்டும் வேறு மாதிரி இருந்தது. “அக்கா, இந்த அத்தியாயத்தை நான் அவருக்குப் படிச்சுக் காட்டலீங்க.” அவ்வளவுதான். யாருக்கு, ஏன் என்று ஒன்றுமில்லை. என்ன விஷயம் என்று கேட்டு எழுதினேன். பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது. பேசியவள் பெயர் சாந்தி, காரிமங்கலத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. அவள் கணவர் மாதேஷ் லாரி டிரைவர். தொப்பூர் இறக்கத்தில் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ப் படுக்கையில் இருக்கிறார். யாரோடும் பேசாமல் கிடந்தவருக்கு ஒரு சாயங்காலம் என் கதையைச் சும்மா படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் தலையைத் திருப்பி, “அப்புறம்?” என்றாராம். அன்றிலிருந்து தினமும் படிக்கிறாள். இந்த அத்தியாயத்தை முதலில் தனியாகப் படித்துவிட்டு, அவருக்குக் காட்டாமல் போனை மூடிவிட்டாள்.

“எனக்குக் கத கட்டத் தெரியாதுங்கக்கா. ஜாக்கெட் தைக்கச் சொன்னா தைப்பேன். மலைப்பாதையில பிளாக்காம், வண்டியெல்லாம் நிக்குதாம், பெரியண்ணன் மலை மேல இருக்கற டீக்கடையில எறங்கி டீ குடிக்கிறான்னு சொல்லிட்டேன். மறுநாளும் பிளாக்குன்னேன். இன்னும் அவன் அங்கயேதான் டீ குடிச்சிக்கிட்டு இருக்கான். வேற ஒண்ணும் வரமாட்டேங்குது. டீக்கடைக்காரம்மாவுக்கு ஒரு பொண்ணு, அந்தப் பொண்ணுக்கு மாப்ள பாக்குறாங்கன்னு ஓட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க எப்படியாச்சும் அவனைப் பொழைக்க வெச்சுட்டீங்கன்னா நல்லாருக்கும்.”

நான் அதற்குப் பதில் போடவில்லை. அன்றைக்கு அத்தியாயமும் எழுதவில்லை, மறுநாளும் எழுதவில்லை. விடாமல் தினமும் எழுதுகிறவர்களுக்கென்று ஆப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சின்னத் தீப்படம் அணைந்துபோனது. “என்னாச்சும்மா? தொடர்ச்சி வுட்டுப்போச்சே” என்று நீ கேட்டாய். காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை, கண்ணு. செத்துப்போன ஒருவனை ஒருத்தி டீ வாங்கிக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள், அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சந்தை நாளுக்கு உங்கப்பா ஆடு பார்க்கக் காரிமங்கலம் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று பைக்கில் ஏறிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஆடு ஒன்றும் விலை படியவில்லை. அங்கே ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன், சரி என்றார். சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் சின்ன ஓட்டு வீடு. சாந்தி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று காதோடு சொன்னாள். உள்ளே கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார் மாதேஷ். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். “கத எழுதறவங்க இவங்கதான்” என்று சாந்தி சொன்னதும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். “வாங்கண்ணா, உக்காருங்க” என்று உங்கப்பாவுக்கு நாற்காலியைக் காட்டினார். மழை, மாங்காய் விளைச்சல், ஆடு விலை என்று பேச்சு போனது. சாந்தி டம்ளரோடு உள்ளேயிருந்து வரும்போது அவர் என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்.

“பெரியண்ணன் செத்துட்டானுங்களாக்கா?”

சாந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

“தக்காளி லோடுங்க அது. கோலார்ல ஏத்துனான்னு நீங்கதான் எழுதியிருந்தீங்க. இவ அவனைக் கொண்டாந்து டீக்கடையில உட்கார வெச்சு எத்தன நாளாச்சு! தக்காளி அழுவித் தண்ணியா ரோட்டுல ஓடியிருக்கும். ஓனரு சும்மா வுடுவானா? அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவ எதையோ மறைக்கிறான்னு.”

“தெரிஞ்சுக்கிட்டேவா இத்தன நாளும் உம் கொட்டிக்கிட்டு இருந்தீங்க?” என்றாள் சாந்தி.

“எனக்கோசரம் நீ உக்காந்து கத கட்டற. அதை எதுக்குக் கெடுக்கணும்? அந்தப் பொண்ணுக்கு மாப்ள அமையுதான்னு வேற பாக்கணுமில்ல.”

சாந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பி, எங்கே, எப்படி என்று கேட்டார். தொப்பூர் இறக்கத்தில், பிரேக் பிடிக்காமல், வேகமாக வந்து என்று சொன்னேன். அவர் முகத்தில் பயமோ கோபமோ இல்லை. ஏதோ பொருந்தாததைக் கேட்டவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

“வேகமாவா? பெரியண்ணனா? ரோட்டுல நாய் படுத்திருந்தாக்கூட எறங்கித் துரத்திட்டு அப்புறம்தான் வண்டி எடுப்பான்னு எழுதியிருந்தீங்களே. அவனுக்கு அன்னிக்கு என்ன அவசரம்?” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “இல்ல, உங்களுக்கு ஏதாச்சும் அவசரமா இருந்துச்சுங்களா?” என்றார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அக்கறையோடுதான் கேட்டார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்பது போல.

“ஆமாங்க” என்றேன்.

“நானும் அன்னிக்கு மெதுவாத்தாங்க வந்தேன். பின்னாடி வந்தவன் இடிச்சுட்டான்” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தார். பிறகு நான்தான், அவனைப் பிழைக்க வைத்துவிடுகிறேன், ஆனால் அந்தத் தக்காளிக்கு என்ன பண்ணுவது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “கருங்கல் லோடுன்னு மாத்திடுங்க. எத்தன நாளு நின்னாலும் அழுவாது.” உங்கப்பா சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. “கல்லுன்னா எறக்கத்துல கஷ்டமாச்சே” என்றார் உங்கப்பா. “கஷ்டந்தாங்கண்ணா. ஆனா பெரியண்ணன் எறக்கிடுவான்” என்றார் மாதேஷ்.

திரும்பி வரும்போது உங்கப்பா நம் தோட்டத்து வேலிப் பக்கம் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார். “அந்தப் பெரியண்ணனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதா?” நான் எழுத ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் என் கதையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. “இருக்குது. ஒரு பையன், வெளியூர்ல வேல பாக்கறான்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அப்ப பத்தரமா வூடு சேத்துடு” என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே விட்டார்.

அந்த விபத்து அத்தியாயத்தை நான் எடுத்துவிட்டு, டீக்கடையிலிருந்து புதிதாக எழுத ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். சாந்தி கட்டிய டீக்கடைக்காரம்மாவையும் அவள் பெண்ணையும் அவளைக் கேட்டுக்கொண்டு அப்படியே வைத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஒருதடவை போட்ட அத்தியாயத்தை மாற்றக்கூடாது என்று போட்டியிலிருந்து கதையை எடுத்துவிட்டார்கள். செத்தவன் எப்படி வந்தான், எங்கள் கண்ணீருக்கு என்ன மரியாதை என்று வாசகர்கள் திட்டினார்கள். திட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களை அழவைத்தது நான்தானே. நீயும் கோபப்பட்டாய். “ஜெயிக்கப்போற நேரத்துல யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களாம்மா? யாரோ ஒருத்தருக்காக எல்லாத்தையும் வுட்டுட்டியே” என்றாய். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பல நாள் நாம் பேசாமல் இருந்ததும், உங்கப்பா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சாப்பாட்டுச் செய்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தருக்காக என்று நீ சொன்னது சரிதான். ஒரு ஆள் “அப்புறம்?” என்று கேட்டால், அந்த ஒரு ஆளுக்கு நான் சொல்லவேண்டும். எண்ணிக்கையில் இருக்கிற மற்றவர்களை எனக்குத் தெரியாது. அவரைத் தெரியும்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது உன் மார்க்கை எல்லாம் பேப்பரில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியவள் நான். அடுத்த பரீட்சைக்கு இவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பேன். நீ சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டாய். அது தப்பு என்று முழுசாகச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, அதனால்தானே இப்போது விமானம் ஏறப்போகிறாய். ஆனால் நீ படித்த புத்தகங்களில் உனக்கு எது பிடித்திருந்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. மார்க்கை மட்டும் கேட்டேன். நீயும் என் கதையை அப்படித்தான் பார்க்கிறாய். எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் வெளியில் தேட வேண்டியதில்லை. போகிற ஊரில் நடப்பதற்கு, தூங்குவதற்கு, தண்ணீர் குடிப்பதற்குக்கூட நீ கணக்கு வைத்துக்கொள்வாய். வைத்துக்கொள். ஏதாவது ஒன்றை மட்டும் கணக்கில்லாமல் விட்டுவை. பாட்டுக் கேட்பதோ, சமைப்பதோ, ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருப்பதோ, எதுவானாலும் சரி.

இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன். புது வருஷத்தில் புழு தூங்கும்போது மட்டும் எழுதுவேன். எழுதியதை முதலில் உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறாரோ அந்த இடத்தை எடுத்துவிடுவேன். இந்தச் சில மாதமாக அப்படித்தான் செய்கிறேன், நிறையவே எடுத்திருக்கிறேன். கோலாரை நான் பார்த்ததே இல்லை, போனில் பார்த்து எழுதியதுதான். அடுத்த கூடு விற்றதும் பஸ்ஸில் ஒருதடவை கூட்டிப்போவதாக உங்கப்பா சொல்லியிருக்கிறார். அப்புறம், லாரியே வராத ஒரு கதை எழுத ஆசை. போன கோடையில் சித்தேரி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் சாமை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மலை ஏறி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் கேட்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எழுதிப் பார்க்கவேண்டும். அது நன்றாக வராது என்று இப்போதே தெரிகிறது. வராவிட்டால் அழித்துவிடுவேன், யாருக்கும் காட்டமாட்டேன். புத்தகம் இப்போது வேண்டாம். கதை முடியட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பெரியண்ணனைத் தொப்பூர் இறக்கவேண்டும். அதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். பிளாக் சரியாகிவிட்டது, டீக்கடைக்காரம்மா பெண்ணுக்கு மாப்பிள்ளையும் அமைந்துவிட்டது, இனி சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சாந்தியைப் போல எனக்கும் பயம்தான். எழுதினால் படுக்கையில் கேட்கிற மாதேஷுக்கு என்ன ஆகுமோ என்று. அவரோ பார்க்கும்போதெல்லாம், “எறக்குங்கக்கா, நான் தாங்குவேன்” என்கிறார்.

புழு எழுந்துவிட்டது. இலை போடப் போகிறேன்.

கண்ணு, மேலே எழுதியதை அப்படியே வைத்துவிட்டுப் போனவள், புது வருஷம் பிறந்து இப்போதுதான் மறுபடி உட்காருகிறேன். கடைசித் தீனி நாட்கள், கடிதத்துக்கு நேரமில்லை. புழுக்கள் இப்போது கூடு கட்ட ஏறிவிட்டன. இந்தத் தடவை உங்கப்பாவே பெரும்பாலும் இலை போட்டார். நான் தொப்பூர் அத்தியாயத்தை எழுதினேன். அந்த இறக்கத்தை வண்டியில் கடக்க ரொம்ப நேரம் ஆகாது. எனக்கு ஒரு முழு அத்தியாயம் ஆனது. வேறு ஒன்றும் நடக்காது அதில். கல்லை ஏற்றிக்கொண்டு ஒருவன் மெதுவாக இறங்குகிறான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறான், மறுபடி இறங்குகிறான். உங்கப்பாவுக்குப் படித்தேன். கொட்டாவி வரவில்லை. மறுநாள் இருவரும் காரிமங்கலம் போனோம்.

சாந்திக்குப் படிக்கத் தைரியமில்லை, நானே படித்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாதேஷ் கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் ஓரிடத்தில், பின்னால் ஒரு வண்டி வேகமாக வருவதைப் பெரியண்ணன் கண்ணாடியில் பார்க்கிற இடம், நான் நிறுத்திவிட்டேன். “படிங்க” என்றார், கண்ணைத் திறக்காமலே. படித்தேன். வண்டி கீழே வந்து சேர்ந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. வெளியில் காய்கறிக்காரன் குரல் கொடுத்துக்கொண்டு போனான். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று சாந்தியைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் பேசினார். “கீழ எறங்குனதும் ஒரு புளியமரம் வரும். அங்க நிறுத்தித் தண்ணி மோந்து எல்லாரும் மூஞ்சி கழுவுவோம். கிளீனர் பசங்க ஒருத்தன் மேல ஒருத்தன் ஊத்திக்குவானுங்க. அதை நீங்க எழுதலியே.” சாந்தி, “இத்தன வருஷத்துல இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே” என்றாள். “நீ கேக்கவே இல்லையே” என்றார். பிறகு நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றியது, ஒரு கிளீனருக்குக் கன்னடத்தில் காதல் கடிதம் எழுதிக்கொடுத்து மாட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சாந்தி சிரித்துச் சிரித்து, அன்றைக்குத் தரவேண்டிய ஜாக்கெட்டை மறந்தே போனாள். கிளம்பும்போது அவர் கேட்டார். “அடுத்த லோடை நான் சொல்லட்டுங்களா? நீங்க எழுதிக்குங்க.” சரி என்று சொல்லிவிட்டேன். இதையும் என் திட்டத்தில் சேர்த்துக்கொள்.

வாசல் வரைக்கும் வந்த சாந்தி, “உங்க பையன் இதெல்லாம் படிப்பாருங்களாக்கா?” என்று கேட்டாள். அவனுக்கு நேரம் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கப்பா முந்திக்கொண்டு, “வர்ற சனிக்கெழம வரான்மா. அவங்கம்மா படிச்சுக் காட்டுவா” என்றார்.

அதனால் சனிக்கிழமை வரும்போது கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு வா. விமானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. போனை உள்ளே வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார். நீ ஒன்றும் படிக்க வேண்டாம். நான் படிக்கிறேன். நடுவில் எங்கேயாவது கொட்டாவி வந்தால் அடக்காதே.

அம்மா